எங்கள் மாவட்டத்தில் எனக்கொரு வழிகாட்டி

ஒரு வீட்டுக்கு இரண்டு மருமகன்கள் என்றால் அதில் ஒருவர்தான் விவரமானவராக இருக்க முடியும். என் மாமனார் வீட்டில் முதல் ஒன்பது வருஷம் அந்த இடம் என்னிடம் இருந்தது. வேறு ஆள் இல்லாததால் இருந்தது என்று என் மனைவி சொல்வாள். பிறகு அவள் தங்கையைக் கட்டிக்கொண்டு என் சகலை வந்து சேர்ந்தார். அவருக்குப் பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை. நான் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். இடம் கைமாறுவதற்கு ஒரு தீபாவளி போதுமானதாக இருந்தது.

போன வருஷம் ஆடி மாதம் அவரும் அவர் மனைவியும் நான்கு நாள் லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்த அன்றே சகலை போனை நீட்டிக் காட்டினார். "வெப்பமண்டல அருவிகளும் குகைகளும்: உங்களுக்கே உங்களுக்கான ஒருநாள் பயணம், வழிகாட்டியுடன்" என்று அதில் போட்டிருந்தது. மறுநாள் காலைக்குப் பதிவு செய்தாகிவிட்டதாம். எந்த ஊர் அருவி என்று கேட்டேன். குற்றாலம் என்றார். எந்தக் குகை என்று கேட்டேன். வீரசிகாமணி என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. குற்றாலத்தில் நான் நாற்பது வருஷமாகக் குளிக்கிறேன். அதை யாரும் வெப்பமண்டலம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அங்கே போவதே வெப்பத்துக்குப் பயந்துதான். சாரல் காலத்தில் மழையெல்லாம் குற்றாலத்துக்காரர்களுக்கு, அந்த மழையைத் துரத்திக்கொண்டு வரும் புழுதிக்காற்று மட்டும் எங்களுக்கு. வீரசிகாமணியோ சுரண்டை போகிற சாலையில், பஸ்ஸில் டிக்கெட் வாங்கி மிச்சச் சில்லறையைச் சரிபார்ப்பதற்குள் வந்துவிடும். இந்த இரண்டையும் எனக்குக் காட்ட ஒரு வழிகாட்டி.

"தம்பி, நான் இருக்கும்போது வழிகாட்டி எதுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்களும் வாங்கண்ணா. ரெஸ்ட்டா வாங்க," என்றார் அவர், ஓய்வுபெற்ற ஆளிடம் பேசுகிற குரலில். எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

வழிகாட்டி சொல்லும் ஒவ்வொரு தப்பையும் பிடிப்பது என்ற ஒரே நோக்கத்தோடு நானும் கிளம்பினேன்.

காலை ஆறு மணி என்று சொல்லியிருந்தார்கள். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வண்டி வந்து நின்றது. முதல் தப்பைப் பிடிக்கும் வாய்ப்பு போயிற்று. ஓட்டி வந்தவரே வழிகாட்டியும். கடையநல்லூர்க்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். துபாயில் பதினாலு வருஷம் வெள்ளைக்காரர்களை மணல்மேட்டில் ஏற்றி இறக்கிவிட்டு ஊர் திரும்பியவர். வண்டியில் ஆளுக்கொரு துண்டு, குடை, வாந்திக்கு மாத்திரை, பின்னால் ஒரு தண்ணீர் கேன் எல்லாம் இருந்தன. சகலை மலையேறும் ஷூ அணிந்து, தண்ணீர் பட்டவுடன் காய்ந்துவிடும் கால்சட்டை ஒன்று போட்டிருந்தார். நான் வேட்டியும் தோளில் துண்டும். குற்றாலத்துக்குப் போகிற மனிதன் எப்படி இருப்பான் என்று வழிகாட்டிக்கும் தெரியட்டும் என்றுதான்.

எனக்கு முன்சீட் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும் வழிகாட்டி வாய் திறப்பதற்குள் நானே ஆரம்பித்தேன். காற்றாலைகளைக் காட்டினேன். யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோல, அவை காற்றில் சுற்றுகின்றன என்றேன். பின்சீட்டில் என் மனைவியும் அவள் தங்கையும் சேலை விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டி மட்டும் "ஆமா அண்ணாச்சி, ஆமா அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

வீரசிகாமணி வந்தது. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊர் வழியாக நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்தப் பாறையை பஸ் ஜன்னலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட இறங்கியதில்லை. பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் கொள்கை. அந்தக் கொள்கையோடே சுடுகாடு போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அன்று நான் செருப்பைக் கழற்றிப்போட்ட விதத்தைப் பார்த்தவர்கள், அந்தக் குகையே என் பெயரில் பட்டா என்று நினைத்திருப்பார்கள்.

பாறையைக் குடைந்து செய்த கோயிலுக்குள் வழிகாட்டி எங்களைக் கூட்டிப்போனார். பாண்டியர் காலத்துக் குடைவரை, கல்லைக் கொண்டுவந்து கட்டியது இல்லை, இருந்த கல்லை வெட்டி எடுத்தது, தூணும் லிங்கமும் எல்லாம் ஒரே பாறை என்று மெதுவாகச் சொன்னார். என் மனைவி தூணைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் காட்டிய எதையும் அவள் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

பிறகு மேலே ஏறினோம். பாறைப் பொந்துக்குள் வழவழவென்று செதுக்கிய கல்படுக்கைகள் இருந்தன. இதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கல்படுக்கையைப் பார்த்தாலும் சொல்வதற்கு நம் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது.

"இது பஞ்சபாண்டவர் படுக்கை. வனவாசத்துல இங்கனதான் தங்கியிருந்தாங்க," என்றேன். பெரியதாக இருந்ததைக் காட்டி, அது பீமன் படுத்தது என்று முடித்தேன்.

சகலை விரல்விட்டு எண்ணினார். கணக்கு ஐந்தைத் தாண்டிப் போயிற்று. "பாண்டவர் அஞ்சு பேருதானேண்ணா?"

ஒரு விநாடிகூட யோசிக்காமல், மீதி பாஞ்சாலிக்கும் குந்திக்கும் என்றேன். குந்தி வனவாசம் போகவே இல்லையே என்றாள் என் மனைவியின் தங்கை. தொலைக்காட்சியில் பார்த்ததாம். நான் அவள் சொன்னது காதில் விழாததுபோலப் பாறை உச்சியைப் பார்த்தேன்.

வழிகாட்டி என்னைக் காப்பாற்றத்தான் முயன்றார் என்பது இப்போது புரிகிறது. "அண்ணாச்சி சொல்லுததும் ஊருக்குள்ள சொல்லுத கததான் சார். ஆனா இது சமண முனிவர்கள் படுத்தது. ஆசையே கூடாதுன்னு இருந்தவங்க, அதான் வெறும் கல்லு," என்றார். சகலை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டல் எனக்கு வரவேண்டியது.

தோற்றவன் பேசாமல் இருந்திருக்க வேண்டும். நான் ஓர் இருட்டுப் பிளவைக் காட்டி, அது நேராக எங்கள் சங்கரநாராயணர் கோயிலுக்குப் போகும் சுரங்கம் என்றேன். பாம்புக்குப் பயந்து ராஜாக்கள் மூடிவிட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். வழிகாட்டி அதை மறுக்காதது எனக்கு இன்னும் கோபமாக வந்தது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நாலாவது அடியில் நெற்றி பாறையில் இடித்தது. அங்கே நூற்றுக்கணக்கான வௌவால்கள் நிம்மதியாகக் குடியிருந்தன. அவற்றுக்குச் சுரங்கம் பற்றி ஒன்றும் தெரியாது. நான் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தபோது என் தோளிலும் தலையிலும் அவற்றின் எச்சம் கிடந்தது. வழிகாட்டி துண்டை நீட்டினார்.

"கோயில் வந்துச்சாண்ணா?" என்று சகலை கேட்டார்.

குற்றாலம் போய்ச் சேரும்போது பத்து மணி. வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே சத்தம் கேட்டது. மலையில் இரவெல்லாம் மழை. மெயின் அருவி செம்மண் கரைத்ததுபோல் கலங்கி, பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. கயிறு கட்டியிருந்தார்கள், போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டவர்கள் பஜாரில் மினுமினுவென்று நின்று நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். சகலை அந்தக் கலங்கல் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், முகத்தில் சாரல் தெறிக்க. பார்த்ததே போதும் என்று அவர் மனைவி சொன்னாள். என் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

வழிகாட்டிக்கு இதற்கும் ஒரு திட்டம் இருந்தது. தடை இன்றைக்கு எடுக்க மாட்டார்கள், ஐந்தருவியிலும் இதே நிலைமைதான், அதனால் செங்கோட்டைப் பக்கம் அணைக்கரையில் கொஞ்சம் நடந்து, மலையிலிருந்து இறங்கும் நீரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றார். எல்லோருக்கும் சம்மதம்.

எனக்கு மட்டும் இல்லை. குற்றாலத்துக்கு வந்து தலை நனையாமல் போவதா? எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரின் உறவினர் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்து, அதில் சொந்தமாக அருவியும் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். உடனே போன் போட்டேன். "தாராளமா வாங்க, தண்ணி சும்மா கொட்டுது" என்று பதில் வந்தது. இதுதான் உள்ளூர்க்காரன் கூட இருப்பதன் அருமை என்று எல்லோரையும் ஒருமுறை பார்த்தேன். வழிகாட்டி என்னையும் பார்த்தார், சகலையையும் பார்த்தார். "அண்ணாச்சி ஆசப்படுதாங்க, போயிருவோம்," என்று வண்டியைத் திருப்பினார்.

தோட்டத்து வாசலில் "இயற்கை அருவி" என்று பலகை. உள்ளே தென்னந்தோப்பு நடுவில் இருபதடி உயரத்துக்குப் பாறை. பக்கத்தில் போய்த் தொட்டால் சிமெண்ட். பாசிக்கென்று பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். உச்சியில் சிமெண்டிலேயே ஒரு மான். மானின் காலடியிலிருந்து தண்ணீர் உண்மையாகவே கொட்டியது. மற்ற மூவரும் நனைய விருப்பமில்லை என்று ஓரத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததைக் கவனித்தேன். மலைமேல் வெயில் போலும் என்று எண்ணிக்கொண்டேன். வௌவால் எச்சம் போக வேண்டும் என்று ஷாம்பு பாக்கெட் இரண்டை உடைத்துத் தலையில் தேய்த்து, உடம்பெல்லாம் சோப்பும் போட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இதுல்லா அருவி," என்று அவர்கள் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

அப்போது அருவி நின்றது.

குறைந்து, சொட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நிற்கவில்லை. குழாயைத் திருகினதுபோல் நின்றது. கண்ணைத் திறக்க முடியவில்லை, எரிந்தது. தூரத்தில் மோட்டார் ஒன்று இழுத்து இழுத்து ஓய்ந்தது கேட்டது. பிறகு தோட்டத்து ஆள் நடந்து வரும் சத்தம்.

"கரண்டு போயிட்டு அண்ணாச்சி. இன்னைக்கு லயன்ல வேல நடக்கு. மூணு மணிக்குத்தான் வரும்."

நான் துண்டோடு, நுரையோடு, சிமெண்ட் மானுக்குக் கீழே நின்றேன். மூன்று மைலுக்கு அப்பால் மாவட்டத்துத் தண்ணீரெல்லாம் கரைபுரண்டு விழுந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கும் சத்தம் முதலில் கேட்கவில்லை, அதுதான் மோசம். பிறகு கைபேசி படம் எடுக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் தொடர்ச்சியாக. என் மனைவியின் தங்கை "பாவம் அத்தான்" என்றாள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

வழிகாட்டி வண்டிக்குப் போய்த் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிவந்தார். என்னை உட்காரச் சொல்லித் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார், குழந்தைக்கு ஊற்றுவதுபோல் கண்ணுக்கு முதலில். நாங்கள் குடிப்பதற்காக வைத்திருந்த தண்ணீர் அது. கண் திறந்ததும் அவரிடம் மட்டும் கேட்கும்படி கேட்டேன். "பாய், இது மோட்டார் அருவின்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி."

"சொல்லியிருக்கலாம்லா?"

"உங்க ஊரு, உங்க ஆளு. வீட்டுக்காரங்க வேற கூட இருக்காங்க. நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார். சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரை என் முதுகில் ஊற்றினார். நாள் முழுதும் அவரை மட்டம் தட்டப் பார்த்தவனின் முதுகு அது.

பிறகு பார்டர் என்று எல்லோரும் சொல்லும் கேரள எல்லைப் பக்கத்துக் கடையில் பரோட்டா சாப்பிட்டோம். அவர் சொன்ன அணைக்கரைக்கும் போனோம். மேகம் மலையிலிருந்து இறங்கி வந்து தண்ணீரின்மேல் நின்றது. மலையின் பல இடங்களில் வெள்ளை வெள்ளையாக அருவிகள் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர் சொன்னார், பெயர் தெரியாததற்குத் தெரியாது என்று சொன்னார். தெரியாது என்ற சொல்லை அன்று காலையிலிருந்து வண்டியில் யாரும் உபயோகித்திருக்கவில்லை. குறிப்பாக முன்சீட்டில்.

திரும்பும்போது என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார்கள். சகலை முன்னால் போய்விட்டார். அண்ணனுக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்று அவர் என் மனைவியிடம் சொன்னார். மனதில் விஷமம் இல்லாமல்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம்.

"இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கு இருபத்தாறு வருசமாத் தெரியும். உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு," என்றாள் அவள்.

பெங்களூர் திரும்பியதும் சகலை அந்தப் பயணத்தைப் பற்றி இணையத்தில் எழுதினார். எனக்கும் அனுப்பினார். வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், வண்டிக்கு முழு மதிப்பெண், குகைக்கு முழு மதிப்பெண். கூடவே நான் நுரையோடு நிற்கும் படம், முகத்தை மட்டும் மறைத்து. கீழே ஒரு வரி: "உள்ளூர் உறவினர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது." அதை ஐம்பது பேருக்கு மேல் விரும்பியிருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியரும் அதில் ஒருவர். முகம் மறைத்திருந்தாலும் துண்டை அடையாளம் கண்டுபிடித்ததாக ஸ்டாஃப் ரூமில் சொன்னாராம்.

புரட்டாசியில் என் மனைவி தெருப் பெண்களைத் திரட்டி, அதே வழிகாட்டியை வைத்துக் கழுகுமலைக்கு ஏற்பாடு செய்தாள். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கொஞ்சதூரம்தான், அங்கும் நான் போனதில்லை. எனக்கு இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை. முதல்நாள் மாலை வழிகாட்டியே போன் செய்தார்.

"அண்ணாச்சி, ஒரு சீட்டு இருக்கு. நீங்களும் வாங்களேன்," என்றார். குரலில் கேலி ஒன்றுமில்லை. இருந்திருந்தால் போயிருப்பேன்.

ஸ்கூலில் நிறைய வேலை கிடக்கிறது என்றேன். நல்லது அண்ணாச்சி என்று வைத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்கும் தெரியும்.