இரண்டு வயதுக்குள் விழுந்த கோடு

ஆந்திர எல்லையை ஒட்டிய நகரியில் விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் சுலோசனாவுக்கு முப்பத்து நாலு வயது. அவள் முன்பற்களில் குறுக்காக, மஞ்சளாய் ஒரு பள்ளக் கோடு. பாற்பல் விழுந்து புதுப்பல் முளைத்த நாளிலிருந்தே அது இருந்தது. "ஒழுங்கா பல்லு வெளக்கு" என்று அம்மா வெங்கடம்மா திட்டாத நாளில்லை. பள்ளியில் டீச்சரும் அதையேதான் சொன்னார். ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்துப் பார்த்தாள். கோடு போகவில்லை. வருஷம் ஏற ஏற அந்த இடத்திலேயே சொத்தை விழுந்தது. கல்யாணப் போட்டோவில்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.

போன ஆடியில் கடைவாய்ப் பல் வலியெடுத்துக் கன்னம் வீங்கியது. நாலு நாள் கஞ்சிகூட இறங்கவில்லை. வெங்கடம்மாதான் ரயிலேற்றித் திருப்பதியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

விளக்கைத் திருப்பிப் பார்த்த டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார். "சின்னக் கொழந்தையில இவங்களுக்குச் சாப்பாடு சரியா இருந்துச்சா?"

"இவ சரியா வெளக்க மாட்டாம்மா, அதான்," என்றாள் வெங்கடம்மா.

"இந்தக் கோடு வெளக்காததால வந்ததில்ல. பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்பவே சத்துக் கொறைஞ்சிருக்கும். ஒண்ணு, ரெண்டு வயசுல. மேல்பூச்சு மெலிஞ்ச பல்லை இனிப்பு சீக்கிரம் அரிச்சிடும்."

அத்தனை வருஷப் பழியும் இறங்கியதில் சுலோசனாவுக்கு அழுகை வந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. வெங்கடம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைவாயில் இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். திரும்பும் ரயிலில் புத்தூர் தாண்டியதும் வெங்கடம்மா சொன்னாள்.

"நீ தவழ்ந்துகினு இருந்தப்ப தறி நின்னுபோச்சி. உங்க நைனா வேல தேடி அலைஞ்சிகினு இருந்தாரு. எனக்குப் பாலு வத்திப்போச்சி. நீ அழுதா வெல்லத் தண்ணி குடுத்துத் தூங்கவெப்பேன். அப்படி வளத்துட்டு உன்னயே திட்டிகினு இருந்திருக்கேன்."

சுலோசனா வாயிலிருந்த பஞ்சை எடுத்தாள். "அப்ப நீ என்னம்மா துன்ன?"

"ஞாபகம் இல்லடி."

மீதிச் சொத்தைப் பற்களை அடைத்து உறை போட இன்னும் நாலு தடவை திருப்பதி போகவேண்டியிருந்தது. நாலு தடவையும் வெங்கடம்மா கூடவே போனாள். கடைசித் தடவை சுலோசனாவின் மகள் பிரித்திகாவையும் அழைத்துப்போய், "இவளுக்கும் பாருங்க" என்றாள். "நல்லா இருக்கு" என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் வெங்கடம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.