இறங்கிய கடலும் புதைத்த தண்டட்டியும்

உதட்டை நக்கினால் உப்புக் கரித்தது. காற்றில் உப்பு எப்படி வரும், படகுக்காரர்தான் ஏதோ தூவுகிறார் என்று நான் சந்தேகப்பட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான்; இன்று அலங்காநல்லூர்ப் பக்கம் என் பெயரில் இரண்டு அரிசி ஆலைகள் ஓடுகின்றன என்றால், எவரையும் எடுத்த எடுப்பில் நம்பாத அந்தக் குணம்தான் காரணம். அது எங்கள் அய்யா கொடுத்தது.

வெள்ளைக்காரன் காலம். ராமேசுவரத்தில் நேர்த்திக்கடனை முடித்த கையோடு, ரயிலில் திரும்பும் வழியில் மண்டபத்தில் இறங்கி, எதிரே தெரிந்த தீவைப் பார்த்துவர அய்யா, அம்மா, அக்கா, நான் என்று நால்வரும் படகேறினோம். அம்மாவின் காதில் பொன் "தண்டட்டி" தொங்கியது. தையில் அக்காவுக்குக் கல்யாணம்; அந்தக் காதுநகைதான் மொத்தச் சீரும். வீட்டில் வைத்தால் பங்காளிகள் எடுத்துவிடுவார்கள் என்று அம்மாவின் காதிலேயே மாட்டிக் கூட்டிவந்திருந்தார் அய்யா.

"இம்புட்டுப் பொன்னோடயா தங்கச்சி கடல்ல வாரீக?" என்றார் படகுக்காரர். அவ்வளவுதான், அய்யாவின் முகம் மாறிவிட்டது.

தீவில் தாழம்புதரும் வெள்ளை மணலும், கண்ணாடி மாதிரித் தண்ணீரில் நீல மீன்களும். யார் பார்த்தார்கள்! படகுக்காரர் விறகு பொறுக்கப் போனதும், "கழட்டு புள்ள" என்று அம்மாவை அதட்டி, தண்டட்டியைத் துண்டில் முடிந்து, கடல் இறங்கிவிட்டிருந்த ஈரமணலில் அய்யா புதைத்தார். எங்கள் ஊர்க் கண்மாயின் மடையைத் திறந்து அடைப்பவர் அவர். தண்ணீரின் போக்கு தனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. வற்றிய கண்மாய் அடுத்த மழைக்குத்தானே நிறையும்?

சோறு தின்று கண்ணயர்ந்து எழுந்தால், அந்த இடத்தில் முழங்காலளவு கடல்.

"எவன்டா மடையை அடச்சது?" என்று கத்தினார் அய்யா.

படகுக்காரர் சிரித்தேவிட்டார். "இதுக்கு மடை ஏது அண்ணே? தினம் இறங்கும், தினம் ஏறும். கெளம்புங்க."

அய்யா நகரவில்லை, காரணத்தையும் சொல்லவில்லை. சொன்னால் படகுக்காரரே எடுத்துக்கொள்வார் என்ற பயம். தண்ணீர் தொடைவரை ஏறியது, அக்கா தேம்ப ஆரம்பித்தாள். அம்மா பொறுக்கமாட்டாமல், "அண்ணே, மக கல்யாண நகை, அந்தா அங்கன பொதச்சிருக்கு" என்று கைகாட்டிவிட்டார்.

படகுக்காரரின் சிரிப்பு நின்றது. "எனக்குப் பயந்தா?" என்று மட்டும் கேட்டார். இறங்கி, காலால் மணலைத் துழாவித் துழாவி, மூன்றாம் முறை முங்கி எழுந்தபோது கையில் துண்டு. அய்யா அதைப் பிடுங்கி, அவர் கண்ணெதிரிலேயே முடிச்சை அவிழ்த்து, பொன்னைக் கடித்துப் பார்த்தார்.

"நல்லாக் கடிங்கண்ணே, மாத்தி வச்சிருப்பேன்" என்றபடி துடுப்பை எடுத்தார் அவர்.

இப்போது அந்தத் தீவில் யாரும் இறங்கக் கூடாதாம். நம்பாமல் நானே காரெடுத்துப் போய் விசாரித்தேன், உண்மைதான். நாங்கள் படகேறிய துறையும் இல்லை, அய்யாவும் அம்மாவும் இல்லை. கரையில் நின்றபோது அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. வெற்றிலை பாக்கு வைத்து ஊரையே அழைத்த கல்யாணம். "அந்தப் படகுக்கார அண்ணனுக்கும் ஒரு பாக்கு வைக்கணும்ங்க" என்று அம்மா கேட்டதற்கு, "வந்தா, களவாங்க நம்ம வீட்டை நோட்டம் பாத்து வச்சுக்கிருவான்" என்றார் அய்யா.

பக்கத்தில் நின்ற நானும், "ஆமா" என்றேன்.