இசக்கியக்கா கேட்ட மூன்றாம் பாகம்

"இல்லடி, மூணாவது பாகம் இன்னும் வரல" என்று மகள் தோழியிடம் போனில் சொன்னாள். புத்தகம் அவள் மடியிலேயே இருந்தது.

நான் பள்ளியில் படித்த காலத்தில், ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் மாடி அறையில் இசக்கியக்கா குடியிருந்தாள். தென்காசிக்காரி, கம்பெனி வேலை. என்னுடைய வாடகை நூலக அட்டையில்தான் இருவரும் மூன்று பாகங்கள் கொண்ட ஒரு மாயப் போர்க்கதையைப் படித்தோம். கம்பெனி பஸ்ஸிலேயே எனக்கு முன்னால் வேகமாகப் படித்துவிட்டு, படியேறும்போதே கதையைச் சொல்லிவிடுவாள். அதனால் கடைசிப் பாகம் கிடைத்ததும் பள்ளிப் பையில் ஒளித்துவைத்தேன்.

"வந்துச்சா பிள்ளே?" ஷிப்ட் முடிந்து வந்ததும் தினமும் கேட்பாள்.

"இன்னும் வரலக்கா."

அதற்குள் அவளுடைய கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பியவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் படைத்தலைவி பொழச்சுக்கிடுவாளா?"

நான் முந்தின நாளே படித்து முடித்திருந்தேன். சொன்னால் என் பொய் தெரிந்துவிடும்.

"தெரியலக்கா."

"தெரிஞ்சா ஒரு கடுதாசி போடு, என்னா?" என்று முகவரி எழுதிக் கொடுத்தாள்.

நான் போடவில்லை. எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி: அவள் பிழைத்துவிட்டாள்.

போனை வைத்த மகளை அதட்டத்தான் வாயெடுத்தேன். "அவளுக்குத் திரும்பப் போன் பண்ணும்மா, இப்பவே" என்று கெஞ்சலாகத்தான் வந்தது.