மாமாவின் காதில் பஞ்சு

என் மாமனாருக்குப் போன வாரம் புதுக்கோட்டையில் ஆபரேஷன். உடைந்த இடுப்பெலும்பில் ஆணி வைத்துச் சேர்த்திருந்தார்கள். 'சக்சஸ்' என்றார் டாக்டர். மறுநாள் சாத்துக்குடியோடு பார்க்கப் போனேன்...

வார்டு வாசலிலேயே மாமியார் அழுதுகொண்டு நின்றார்.

"என்னையப் பாத்து, 'நீங்க யாரும்மா? எந்த ஊருக்குப் போகணும்?'னு கேக்குறாரு மாப்பிள்ளை! கட்டிக்கிட்ட நாள்லருந்து எங்கிட்ட இம்புட்டு மரியாதையாப் பேசுனதே இல்லையே!"

சிரிப்பதா, அழுவதா?

மாமா கீரனூரில் பஸ் கம்பெனி டைம்கீப்பராக இருந்து ரிடையரானவர். இப்போது வார்டையே பஸ் ஸ்டாண்டாக்கிவிட்டார். "விராலிமலை வண்டிய இன்னும் எடுக்கலையா?" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். மைத்துனன் அமுக்கிப் பிடித்திருந்தான். காலை ஊன்றினால் ஆணி நகர்ந்துவிடும். அப்புறம் மனிதர் நடந்த மாதிரிதான்.

"அன்னவாசல்ல ஒருத்தரு மந்திரிக்கிறாரு. கூட்டியாரவா?" — இது மைத்துனன்.

நல்லவேளை, டாக்டர் வந்தார். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். புண்ணைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். பட்டப்பகலில் ஜன்னல் சாத்தியிருந்தது. மாமாவின் தலையில் மப்ளர், இரண்டு காதிலும் பஞ்சு.

"பஞ்சு யாரும்மா வச்சது?"

"நாந்தாங்கய்யா. காத்துப் பட்டா ஜன்னி வந்துருமில்ல?"

"தண்ணி குடுக்குறீங்களா?"

"தையல் போட்ட ஒடம்புக்குத் தண்ணி ஆகுமாங்க? சீழ் புடிச்சிருமே! நாக்க மட்டும் நனைச்சு விடுறேன்."

"கண்ணாடி போடுவாரே, அது எங்க?"

"ஒடஞ்சிரக் கூடாதுன்னு கட்டிலுக்கடியில டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேங்க."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா... கண்ணு தெரியல, காது கேக்கல, பகலா ராத்திரியான்னு புரியல, தொண்டை காயுது. நமக்கே மூளை கொழம்பிரும். இவரு வயசானவரு, மயக்க மருந்து வேற குடுத்திருக்கு! இந்தப் பெனாத்தலுதாம்மா ஜன்னி! அது வரக் கூடாதுன்னு நீங்க செஞ்சதெல்லாம் அதக் கூட்டிட்டு வந்துல்ல விட்டிருக்கு!"

பாவம், மாமியார் செய்தது அத்தனையும் பாசத்தில். நம் வீடுகளில் யார்தான் இதைச் செய்யவில்லை?

ஜன்னலைத் திறந்தோம். பஞ்சை எடுத்தோம். கண்ணாடியை மாட்டிவிட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். இடம், நாள், ஆள் மூன்றையும் அடிக்கடி சொல்லச் சொன்னார் டாக்டர். "இது ஆஸ்பத்திரி, இன்னிக்கிச் செவ்வாக்கிழமை, நான் ஒங்க வீட்டுக்காரி" — ஜெபமாலை உருட்டுகிற மாதிரி மாமியார் விடாமல் சொன்னார். உடனே தெளிந்துவிடவில்லை. அடுத்த நாளும் மாமா இரண்டு வண்டிகளை அனுப்பிவைத்தார்.

நேற்றுக் காலை போனேன். தலையணையில் சாய்ந்திருந்தவர், கண்ணாடி வழியாக மாமியாரை உற்றுப் பார்த்தார். பிறகு ஓர் அதட்டல்:

"ஏய்! காப்பிய ஆறப்போட்டுத்தான் கொண்டாருவியா?"

மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்ணீரும் சிரிப்புமாக என் பக்கம் திரும்பினார்.

"திட்டிட்டாரு மாப்பிள்ளை... என்னையத்தான் திட்டிட்டாரு!"