யார் பிடியில் இருந்தது அந்தப் புரோக்ராம்

தொண்ணூறுகளில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சிப்புகளைச் சோதிக்கும் இயந்திரத்தை இயக்குகிற புரோக்ராமுக்கு நானும் இன்னொரு தமிழரும் பொறுப்பு. அவர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஆள்குறைப்பு நடந்த நாளன்று காலையில் அவரை மேலே கூப்பிட்டார்கள். திரையைப் பூட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் காவலாளி வந்து அவருடைய பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். அடுத்து என்னைக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. நிம்மதியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

அப்போதுதான் கீழே இயந்திரம் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். புரோக்ராம் சாகவில்லை, ஓடாமல் உறைந்து கிடந்தது. அப்படி நிறுத்தி வைப்பது டீபக்கர்தான். பிழை எங்கே என்று பார்க்க, ஓடுகிற புரோக்ராமில் மாட்டி அதைப் பிடித்து வைக்கிற கருவி. அன்று அந்தக் கணினியில் இரண்டு டீபக்கர்கள் இருந்தன. ஒன்று, இயந்திரம் விற்ற கம்பெனிக்காரர் வந்தபோது விட்டுப் போனது. மற்றது அண்ணனுடையது.

"ரெண்டையும் கில் பண்ணிடு லா," என்றார் மேனேஜர்.

"பிடிச்சிருக்கிறத கில் பண்ணா புரோக்ராமும் சேர்ந்து போயிரும். காலையிலேருந்து எடுத்த ரிசல்ட் எல்லாம் அதுலதான் இருக்கு," என்றேன்.

ஓடுகிற ஒவ்வொரு புரோக்ராமுக்கும் ஓர் எண் உண்டு. அதன் தாய் புரோக்ராம் எது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் கணினியில் டீபக்கர் மாட்டிக்கொண்டால் அதுவே தாயாகிவிடும். பார்த்தேன். தாய் என்று இருந்தது அண்ணனுடைய டீபக்கரின் எண். அதற்குள் போக அவர் திரையைத் திறக்க வேண்டும். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"உன்னையுமா?"

"இல்லண்ணே. மெஷின் நிக்குது. உங்க டீபக்கர்தான் பிடிச்சிருக்கு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அஞ்சு நிமிசம் மீட்டிங்னு சொன்னாங்க லா. வந்து பாத்துக்கலாம்னு அப்படியே விட்டுட்டேன். பாஸ்வேர்டு என் மக பேரு, சின்ன எழுத்துல. உள்ள போனதும் டிட்டாச் போடு, புரோக்ராம விட்டுரும். குவிட் போட்டுறாத, அதுவும் சேர்ந்து போயிரும்."

"சரிண்ணே."

"அந்தக் கணக்கு தப்பா வருதுன்னு தேடிக்கிட்டிருந்தோம்ல? எடத்தக் கண்டுபிடிச்சிட்டேன். திரையில அந்த வரியிலதான் நிக்குது. திருத்திடு."

வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அண்ணி கிட்ட சொல்லிட்டீங்களா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் குழந்தையின் பெயரை அடித்தேன். தீபாவளிக்கு அவர் வீட்டில் என் மடியில் ஏறி முறுக்கு தின்ற குழந்தை. விரல்கள் தம் பாட்டுக்கு அடித்தன. திரை திறந்தது, அவர் சொன்ன வரி இருந்தது. டிட்டாச் போட்டேன். கீழே இயந்திரம் ஓடத் தொடங்கியதாகப் போனில் சொன்னார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். அந்த வரியைத் திருத்த அப்புறம் ஒரு வாரமாயிற்று. பிழையைக் கண்டுபிடித்ததும் நான் என்றே எல்லாரும் நினைத்தார்கள், யாரும் கேட்கவுமில்லை. அண்ணன் நிபோங் திபால் பக்கம் ஒரு டியூஷன் சென்டரில் கணிதம் சொல்லிக்கொடுப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆள்குறைப்பு நடந்த அன்று மாலை டத்தோ கிராமாட்டில் வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்கட இடத்தில ஆக்களை நிப்பாட்டுறாங்களாம். உனக்கு ஒண்டும் இல்லையே பிள்ளை?"

"இல்லை அம்மா."

"முருகா," என்று கைகூப்பிவிட்டுச் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். கறி உறைப்போ என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நல்லா இருக்கு என்றேன்.