கறுப்பு மையில் ஒரு நீலக் கோடு

அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் ஒரு அலுவலகத்தில் நான் டிரேசராக இருந்தேன். வரைபடத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, அடியில் தெரியும் கோடுகளைக் கறுப்பு மையால் அப்படியே எடுப்பது என் வேலை. யோசிக்கச் சொல்லி யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, நானும் யோசித்ததில்லை. ஆனால் கோடு போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற திமிர் மட்டும் நிறைய இருந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். அந்த நிலத்துக்குள் ஒரு சின்னக் குடியிருப்பு மாட்டிக்கொண்டது. அவர்களுக்கு மாற்று மனை கொடுக்க, கிழக்கே ஒரு மணற்காட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். புல் முளைக்காது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயரே பாலைவனம்தான். “பாலைவனம் ஃபைல் எங்கம்மா?” என்றுதான் கேட்பார்கள். மழைக்கு முன்னால் எல்லோரையும் அங்கே மாற்றிவிட வேண்டும் என்று மேலிடத்து அவசரம்.

அந்த இடத்துக்கு இருந்த ஒரே படம் வெள்ளைக்காரன் காலத்து டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் அமைப்பைக் காட்டும் சர்வே படம். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டி வைத்திருந்தது. அதில் விட்டுவிட்டு வரைந்த ஒரு கோடு, மணற்காட்டைச் சுற்றி வளைந்து போனது. அதையும் எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வழக்கத்தில் கறுப்பில் விட்டுவிட்டுப் போகும் கோடு வண்டிப்பாதை. என் டிரேசிங்கைப் பெரிதாக்கி லேஅவுட் போட்டவர், அந்தப் பாதையையே காலனிக்குச் சுற்றுச்சாலையாக வைத்து, உள்ளே வரிசையாக மனைகளை நிரப்பிவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மனைகளை அளந்து குறிக்கப் போன எஞ்சினியருக்கு அங்கே பாதையே அகப்படவில்லை. “படம் போட்ட மகராசியே வந்து காட்டட்டும்” என்று சொல்லியனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, எங்கள் தலைமை டிராஃப்ட்ஸ்மேனோடு ஜீப்பில் ஏறினேன். வெள்ளைக்காரன் போட்டதைக் காட்டி அந்த மனுஷன் வாயை அடைக்காமல் திரும்புவதில்லை என்றிருந்தேன்.

“எங்கம்மா உன் பாதை?” என்றார் எஞ்சினியர், நான் கீழே இறங்குவதற்குள்.

“படத்துல இருந்தா எடுப்பேன் சார். இல்லாததைப் போட எனக்கு இன்னா வேண்டுதலா?”

அந்தக் குடியிருப்பிலிருந்து ஆடு ஓட்டிவந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். “பாதையா? இந்த மணல்ல வண்டி எறக்கினா மாடு படுத்துக்கும் யம்மா. நல்ல பேஜாரு புடிச்ச வேலை உங்களுது!” என்றாள். அளவுச் சங்கிலி பிடிக்க வந்த செயின்மேன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் ஷீட்டை ஜீப் முகப்பில் படாரென்று விரித்தேன்.

உச்சி வெயில். அந்தக் கோடு கறுப்பு இல்லை. நீலம்.

டிரேசிங் துணியே இளநீலமாகத்தான் இருக்கும். அலுவலகத்து மங்கல் வெளிச்சத்தில், அந்தத் துணிக்கு அடியில், பழுத்துப்போன நீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. டோப்போ ஷீட்டில் நீலம் என்றால் தண்ணீர். விட்டுவிட்டுப் போகும் நீலம் என்றால் கோடையில் வற்றி மழையில் நிரம்பும் ஏரி. ஒரு ஏரிக்குள் காலனி கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வேறு யாரும் ஷீட்டைக் கவனிக்கவில்லை. “சரி விடு, மணல் மூடியிருக்கும். குத்துமதிப்பா குறிச்சிக்கினு போவோம்” என்று எஞ்சினியரே இறங்கி வந்துவிட்டார். பொய் சொல்ல மாட்டேன், ஷீட்டைப் பாதி சுருட்டிவிட்டேன். அப்போது அந்தப் பெண் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னிடம் கேட்டாள்: “யம்மா, மழைக்கு முன்னாடி வந்துடலாமில்ல? ஊட்டைப் பிரிக்கச் சொல்லிக்கினே கீறாங்க.”

“சார், இது பாதை இல்ல. ஏரிக்கரை. தப்பு என்னோடது” என்றேன்.

“பெருமாளே!” என்று தலைமை டிராஃப்ட்ஸ்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏரியா? இந்தப் பாலைவனத்துலயா? வெயில் தலைக்கு ஏறிடுச்சாம்மா உனக்கு?” என்றார் எஞ்சினியர்.

வாயால் சொல்லிப் புண்ணியமில்லை என்று நடக்க ஆரம்பித்தேன். ஷீட்டில், நான் எடுத்த பகுதிக்கு வெளியே, ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வந்து ஏரியில் விழுந்தது. கிழக்கு வளைவில் நான் சிறு பாலம் என்று எடுத்திருந்த குறி, மதகு. அதற்குக் கீழே வயல்கள். தரையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு ஓடியது. மணல் குவியல் என்று நினைத்து எல்லோரும் அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அது என் கோடு வளைந்த இடத்தில் வளைந்தது. வளைவில், மதகு இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு கற்கள் நட்டுக்கொண்டு நின்றன.

“இதுலதான் ஆட்டைக் கட்டுவோம்” என்றாள் அவள்.

மேட்டுக்கு உள்பக்கம் செயின்மேனைத் தோண்டச் சொன்னேன். இரண்டு சாண் மணலுக்கு அடியில் கறுப்பு வண்டல், அது நிறைய நத்தை ஓடு. கால்வாய் தூர்ந்திருக்கிறது, பயிர் போயிருக்கிறது, விட்டுப்போன இடத்தில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. எங்கள் பாலைவனத்தின் வரலாறு அவ்வளவுதான். எஞ்சினியர் ஒரு கட்டியைக் கையில் நசுக்கிப் பார்த்தார்.

“உனக்கு மெமோ குடுக்கணும்.”

“குடுங்க சார்.”

“மொதல்ல வேற எடம் காட்டு.”

ஷீட்டில் மேற்கே பழுப்புக் கோடுகள் மேடு காட்டின. விரலை வைத்தேன். அங்கே போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்கே லேஅவுட்டை மாற்றச் சொல்லிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அப்பாடா என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அந்த ஐப்பசியில், பல வருஷமாக இல்லாத மழை கொட்டித் தீர்த்தது. மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டி போனேன். மேற்கு மேட்டில் புதுக் கூரைகள் நின்றன. ஆட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே மணற்காட்டைக் காணோம். கரையிலிருந்து கரைவரை செம்மண் தண்ணீர்.

“மொதல்ல எங்குளுக்கு ஏழாம் நம்பர் மனைன்னாங்களே, அது எங்கம்மா வரும்?” என்று கேட்டாள்.

லேஅவுட் எனக்கு மனப்பாடம். நட்ட நடுத் தண்ணீரில், ஒரு முள்மரக் கிளை மிதந்து சுற்றிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினேன். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திடீரென்று, “டேய், தண்ணிகிட்ட போவாதீங்கடா!” என்று கத்தினாள்.

அவள் பிள்ளைகள் எங்கேயும் போகவில்லை. எங்களுக்குப் பின்னால், வீட்டு வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.