கடைத்தெரு வழியாகப் போன என் தம்பி

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். திருமானூர் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பெங்களூரில் ராக் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்த என் தம்பி மஞ்சள் காமாலையில் இறந்து, வேன் ஒன்றில் பிணமாக ஊருக்கு வந்து சேர்ந்தான். இருபத்தெட்டு வயது.

தோள்வரை முடி, கையில் எலெக்ட்ரிக் கிடார். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். பெங்களூர் ஓட்டல்களில் கைதட்டல் வாங்கியவன், பொங்கலுக்குப் பொங்கல் வந்து எங்கள் தெருவில் பாடுவான். ஊர்த் திருவிழா மேடையில் பாட மூன்று வருடம் கேட்டுப் பார்த்தான். "ஒன் கத்தல ஒன் தெருவோட வச்சுக்க" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அவனைத்தான் திட்டினேன்.

"எதுக்குடா அவங்ககிட்ட போயி நிக்கிற? பெங்களூருலயே இருந்துக்க."

"இதுவும் என் ஊருதானேக்கா."

எங்கள் தெருப் பிணம் கடைத்தெரு வழியாகப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வயல் வரப்பில் சுற்றித்தான் தூக்கிப் போவோம். அன்று பாடையைத் தூக்கியதும், "கடத்தெரு வழியா போங்க" என்று சொல்லிவிட்டேன். ஆண்கள் தயங்கினார்கள். அம்மா முன்னால் நடந்தார். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. நானும் கூடவே நடந்தேன்.

அரியலூரிலிருந்து மைக் செட்காரர் ஒருவர் வந்திருந்தார். தள்ளுவண்டியில் பேட்டரியும் குழாய் ஸ்பீக்கரும். தம்பியின் நண்பர்கள் கொடுத்த கேசட்டைப் போடச் சொன்னேன்.

கடைத்தெரு முனையில் ஏழெட்டுப் பேர் மறித்தார்கள். அவர்களில் பெரிய மனிதர் ஒருவர் எங்களிடம் பேசவே இல்லை. மைக் செட்காரரிடம்தான் பேசினார்.

"நிறுத்துய்யா. இல்லன்னா இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கும் நீ ரேடியோ கட்ட முடியாது."

மைக் செட்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பெரிய மனிதரைப் பார்த்துச் சொன்னேன்: "இவன் எங்க வூட்டுப் புள்ள. இந்த வழியாத்தான் போவான். முடியாதுன்னா பாடைய இங்கயே எறக்கி வச்சுட்டு ஒக்காந்துக்குவோம்."

மைக் செட்காரர் குனிந்து சத்தத்தை இன்னும் கூட்டினார். "செத்தவரு பாட்டுங்க. நான் நிறுத்த மாட்டேன்."

பாட்டுக்கு முன் மேடையில் அவன் பேசிய பேச்சும் கேசட்டில் பதிவாகியிருந்தது. எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி, "எங்கம்மா நட்ட வயலு அங்க இருக்கு" என்றான் தம்பி. பிறகு கிடார் அதிர்ந்தது. அம்மா அழவில்லை. மறித்தவர்களை நோக்கி நேராக நடந்தார். திரும்பிப் பார்த்தேன், எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். மறித்தவர்கள் ஒதுங்க வேண்டியதாயிற்று.

அந்த வருடம் உள்ளூரில் யாரும் எங்களை நடவுக்குக் கூப்பிடவில்லை. வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போனோம். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் இறந்தாலும் கடைத்தெரு வழியாகத்தான் தூக்கிப் போகிறோம்.

இன்றும் அந்தத் தெருவில் காய்கறி வாங்கப் போகும்போது நிமிர்ந்துதான் நடக்கிறேன். அவன் உயிரோடு இருந்தபோதே அவனோடு சேர்ந்து அப்படி நடக்காமல் போனேனே என்பது மட்டும் இன்னும் ஆறவில்லை.